குடும்பக் காட் வவுனியாவில், காணி முல்லைத்தீவில்: அம்மாவுக்கு வீட்டுத்திட்டம் கிடைக்குமா?

2018 பெப்ரவரி 11, காலை

வவுனியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அக்கா, எங்கட காணி முல்லைத்தீவு மாவட்டத்தில. போர் முடிஞ்சு 2011இல ஊருக்கு விட்ட நாளில இருந்து அம்மா அங்க தகரக் கொட்டிலில தனிய இருக்கிறா. எனக்கு வவுனியாவில வேலை, மனுசியும் பிள்ளையும் என்னோட. குடும்பக் காட் ஒண்டுதான், அது வவுனியா விதானையிட்ட, அதான் கிராம சேவையாளரிட்ட, பதிஞ்சது. அம்மாவின்ர பேரும் அதிலதான். இப்ப ஊரில வீட்டுத்திட்டத்துக்குப் பதியினமாம். காட் இஞ்ச இருந்தா அம்மாவுக்கு வீடில்லை எண்டு ஆக்கள் சொல்லுகினம். உண்மையோ?"

உண்மைதான் தம்பி. வீட்டுத்திட்டம், அதாவது வீடு கட்டத் தருகிற உதவி, ஆளுக்குக் கொடுப்பதில்லை, குடும்பத்துக்குக் கொடுப்பது. குடும்பம் எங்கே பதிந்திருக்கோ அங்கேதான் கணக்கு. அம்மாவின் பெயரை வவுனியாக் குடும்பக் காட்டில் வெட்டி, ஊரில் தனிக் காட் எடுங்கோ. சுணங்க வேண்டாம்.

2018 பெப்ரவரி 11, இரவு

காலையில் எழுதியது பாதிதான் சரி. அவசரப்பட்டு நாளைக்கே வெட்டப் போய்விடாதேங்கோ. வேறு ஒருவரும் இதை வாசித்துவிட்டு ஓடிப்போய் வெட்டிவிட வேண்டாம்.

வெட்டுகிறது ஒரு நாள் வேலை. மற்ற இடத்தில் பதிகிறது சில வேளை மூன்று மாதம். அந்த இடைவெளியில் வீட்டுத்திட்டப் பட்டியல் எடுத்தால் அம்மா இரண்டு இடத்திலும் இல்லை. என் சின்னம்மாவுக்கு 2012இல் நடந்தது இதுதான். அங்கே வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஏழு கிழமை அலைந்தார். அவர் பதிந்து முடித்தபோது பட்டியல் மேலே போய்விட்டது.

முதலில் ஊர் விதானையிடம் போய், "இவ 2011இல இருந்து இஞ்சதான் இருக்கிறா, பதிவு மாற்றி வந்தா ஏற்பன்" என்று எழுத்தில் வாங்குங்கோ. அதற்குப் பிறகுதான் வவுனியாவில் வெட்டுகிறது. சமுர்த்தி என்ற அரசாங்க நிவாரணம் எடுக்கிறவர் என்றால் அதையும் முதலே கேட்டு வையுங்கோ. பதிவு மாறினால் அது தானாகக் கூடவே வராது.

இன்னொன்றையும் காலையில் பிழையாகச் சொல்லிவிட்டேன். காட்தான் எல்லாம் என்பது போல எழுதியிருந்தேன். உண்மையில் மூன்று கடதாசி வேறு வேறாக ஓடுகிறது. விதானையின் குடும்பப் பதிவு ஒன்று. அந்தந்த வருசம் எங்கே இருந்தீர்கள் என்று பார்க்கிற வாக்காளர் இடாப்பு இன்னொன்று. காணிக் கடதாசி மூன்றாவது. வீட்டுத்திட்டக்காரர் மூன்றையும் கேட்பார்கள். மூன்றும் ஒரே இடத்தைச் சொன்னால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒன்று வேறு இடத்தைச் சொன்னால் கேள்வி வரும், ஆனால் கேள்வி வந்தவுடன் கதை முடிந்துவிடாது.

2018 பெப்ரவரி 13

"ஏன் அக்கா எங்கட சனத்தில இவ்வளவு பேருக்கும் காட் இருக்கிற இடம் ஒண்டு, இருக்கிற இடம் வேறொண்டு?" என்று கனடாவில் இருந்து ஒரு பிள்ளை கேட்கிறா. அங்கே பிறந்த பிள்ளை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் எங்களை இறக்கினபோது யார் யார் ஒரு பஸ்ஸில் வந்தார்களோ, யார் யார் ஒரு தறப்பாளுக்குள் கிடந்தார்களோ, அவர்களை ஒரு குடும்பமாக எழுதினவர்கள் உண்டு. எங்கள் கூடாரத்தில் நான், அம்மா, என் இரண்டு பிள்ளைகள், கலியாணம் கட்டின தங்கச்சி, அவளுடைய மனுசன். ஆறு பேர், ஒரு அட்டை. நிவாரணம் எடுக்க அது வசதி. வரிசையில் ஒரு ஆள் நின்றால் போதும். அது பின்னுக்கு ஒரு வீட்டைத் தின்னும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

டிசெம்பர் 2009இல் வெளியில் போய்வர விட்டார்கள். வவுனியாவில் சொந்தக்காரர் இருந்த சனம் அங்கே போய்ப் பதிந்தது. பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், பதியாமல் இருக்க ஏலாது. பிறகு ஒவ்வொரு ஊராகத் திறந்தார்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாமை மூடினபோது கடைசியாக வந்த கேப்பாப்புலவுச் சனத்தைச் சொந்தக் காணிக்குக்கூட விடவில்லை, வேறு இடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். ஊருக்குப் போனவர்களில் கிழடுகள் முதலில் போய் வளவைத் துப்புரவாக்கின. இளசுகள் வேலைக்காக வவுனியாவிலேயே தங்கின. காட் இளசுகளோடு தங்கிவிட்டது.

ஊருக்குப் போகும்போது கொடுத்த 25,000 ரூபா, தகரம், ஆறு மாத உலர் உணவு எல்லாம் குடும்பத்துக்கு ஒன்று. எங்கள் ஆறு பேருக்கும் ஒரு பங்கு. தங்கச்சி தன் சீதனக் காணியில் கொட்டில் போட எங்கள் தகரத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனாள். மழை பெய்தால் இரண்டு வீடும் ஒழுகும். இரவில் அம்மா எழும்பி வாளியை இடம் மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் எனக்கு இப்போதும் காதுக்குள் இருக்கிறது.

2018 பெப்ரவரி 14

ஒரு ஐயா சரியாக ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். 2009க்குப் பிறகு வந்த உதவிகளைப் பற்றிக் கதைக்கும்போது "புதிய இடம்பெயர்வு", "பழைய இடம்பெயர்வு" என்று பிரித்ததை நான் விட்டுவிட்டேன். ஏப்ரல் 2008க்குப் பிறகு வெளிக்கிட்டவர்கள் புதியவர்கள், அதற்கு முந்தி வெளிக்கிட்ட எல்லாரும் பழையவர்கள். முதலில் கை நீட்டியது புதியவர்களுக்குத்தான்.

இந்தக் கோடு எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் 1984 டிசெம்பரில் வெளிக்கிட்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு வெளிக்கிட்டது. அந்த வருசம் ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம், கூடுதலான ஆட்கள் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். கூடக் காலம் அலைந்தவர்களுக்குத்தான் வரிசையில் பின்னிடம்.

மன்னார் முசலிப் பக்கத்து ஒரு ராத்தா என்னோடு ஒரு பயிற்சிக்கு வந்திருந்தா. அவ சொன்னது: "நாங்க போகக்கொள்ள ஒரு குடும்பம், வரக்கொள்ள அஞ்சு குடும்பம். காணி மட்டும் அதே ஒண்டுதான்." புத்தளத்தில் பதிவை வெட்டினால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும், வெட்டாவிட்டால் முசலியில் வீடு இல்லை. வந்து போகிற குடும்பங்களைப் பார்த்து "உண்மையில மீளக்குடியேறினவங்க இல்லை" என்று சொன்ன ஆட்களையும் எனக்குத் தெரியும். வீடில்லாத காணியில் பிள்ளைகளோடு நிரந்தரமாக இருந்து காட்டினால்தான் வீடு என்றால் அது என்ன கதை? இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் வாக்காளர் இடாப்பில் பதிய 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் அது வாக்குக்கு. வீட்டுக்கு இல்லை.

2018 பெப்ரவரி 18

தம்பியின் கேள்விக்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அதை எழுதுகிறதா விடுகிறதா என்று இரண்டு மூன்று நாளாக யோசித்தேன்.

அம்மாவுக்குத் தனிக் காட் எடுத்தால் அவ "தனி ஆள் குடும்பம்". இந்திய வீட்டுத்திட்டக் காலத்தில் அதுதான் ஆகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட குடும்பம்.

தெரியாத ஆட்களுக்காக: 2010இல் 50,000 வீடு என்று அறிவித்தார்கள். முதலில் 1,000 வீடு பரீட்சார்த்தமாகக் கட்டினார்கள். 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி பெரிய கட்டம் தொடங்கியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா, உடைந்த வீடு திருத்த 250,000. காசு கட்டம் கட்டமாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும், வீட்டை நாங்களே நின்று கட்ட வேண்டும். தெரிவு புள்ளி முறையில். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், வயது போன ஆட்கள், அங்கவீனம், பெண் தலைமைத்துவம். பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டுவார்கள், ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் பட்டியல் ஒட்டியது பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில். சனம் விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் தேடி, இரண்டு நாளில் நடுப் பக்கத்து எழுத்துகள் மங்கிப்போயின.

நான் அப்போது மாதர் சங்கச் செயலாளர். பட்டியலை ஊர்க் கூட்டத்தில் வாசித்தது நான்.

எங்கள் குளக்கட்டோரம் ஒரு ஐயா இருந்தார். மனைவியும் இரண்டு மகன்களும் கடைசிப் போரில் மாத்தளனில் ஒரே நாளில் போய்விட்டார்கள். அட்டையில் நாலு பெயர் இருந்து, மூன்றை வெட்டி, ஒன்று மிச்சம். ஆட்கள் குறைந்ததால் புள்ளியும் குறைந்தது. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "தனி ஆளுக்கு அஞ்சரை லட்சம் வீடோ? ஏழு பேர் உள்ள குடும்பம் வெயிலில கிடக்குது" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "ஏழு பேருக்கு முதல் குடுப்பம், ஐயா அடுத்த முறை பாப்பம்" என்று சொன்னேன். ஐயாவும் தலையாட்டினார்.

ஏழு பேர் வெயிலில் கிடந்ததும் உண்மைதான். ஆனால் அந்த ஐயாவின் குடும்பம் சிறுத்தது அவர் விரும்பி இல்லை. ஆகக் கூட இழந்தவருக்கு ஆகக் குறைந்த புள்ளி கொடுக்கிற கணக்கைச் சத்தமாக வாசித்தது என் வாய். கணக்கை மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கவில்லை, ஆனால் "இது பிழை" என்று கூட்டக் குறிப்பில் எழுத ஒரு பேனை இருந்தது. எழுதவில்லை.

2018 பெப்ரவரி 19

ஐயாவுக்கு என்ன நடந்தது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். 2015இல் வேறொரு திட்டத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. இருக்கிறார். முருங்கை நல்லாய்க் காய்க்குது. எனக்கும் தருகிறவர்.

2018 பெப்ரவரி 25

பெண் தலைமைத்துவக் குடும்பம் பற்றி ஒரு அக்கா தனியாகக் கேட்டிருந்தா. எல்லாருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, 2013இல் 34 வயது. மனுசன் 2009 மே மாதம், போர் முடிகிற நாட்களில், வட்டுவாகலில் கைப்பிடிக்குள்ளிருந்து பிரிந்து காணாமல் போனவர். அவளுடைய காட்டை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் அவர் பெயர், பச்சைப் பேனையால். பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அவள் அதை அழிறப்பரால் தேய்த்திருக்கிறாள், கேள்விக்குறி போய்க் கடதாசி மெலிந்து பின்பக்க எழுத்து தெரிந்தது.

அவர் பெயர் தலைவராக இருந்தால் அவள் பெண் தலைமைத்துவம் இல்லை, அந்தப் புள்ளி வராது. அப்போது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். நான் அவளிடம், "அதை எடு, புள்ளியும் வரும்" என்று சொன்னேன். காட்டை வாங்கி, மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்து, எழும்பிப் போனாள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை.

இதில் என் பிழை இரண்டு. அவளிடம் அதைச் சொன்னது ஒன்று. மற்றது, அது தேவையே இல்லை. எங்கள் பட்டியலுக்கு, "கணவர் இல்லாமல் இவர்தான் குடும்பத்தை நடத்துகிறார்" என்ற விதானையின் கடிதமே போதுமாய் இருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கடிதத்தோடு இரண்டாவது பட்டியலில் அவளுக்கு வீடு வந்தது.

ஆகவே அக்கா, வீட்டுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாரும் சொன்னால், "எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?" என்று கேளுங்கோ. 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் எழுதித் தருகிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார்கள். அதையும் எடுக்க மாட்டேன் என்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அது அவரவர் மனம். இரண்டும் இல்லாமலும் விதானையின் கடிதம் கேட்கலாம்.

2018 மார்ச் 4

காணிக் கடதாசி பற்றி, சுருக்கமாக. இதில் எனக்கு அனுபவம் குறைவு.

உறுதிக் காணி என்றால் உறுதி தொலைந்திருந்தாலும் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். வன்னியில் கூட இருக்கிறது அனுமதிப்பத்திரக் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்தது. அனுமதிப்பத்திரக்காரர் இறந்திருந்தால் பின்னுரித்து யாருக்கு என்று பார்க்க வேண்டும். பெயர் குறித்து வைக்காமல் இறந்திருந்தால் பிள்ளைகளுக்குள் சட்டத்தின் அட்டவணைப்படி மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. யாழ்ப்பாணத்தில் தேசவழமைப்படி பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாக வீடும் வளவும் போகிற எங்கள் சனத்துக்கு இது பெரிய இடி. அக்கா இருபது வருசம் இருந்து பராமரித்த காணி, பிரான்ஸில் இருக்கிற தம்பிக்கு உரித்தாகிறது. தம்பி நல்லவர் என்றால் எழுதிக் கொடுப்பார்.

போரில் கடதாசி தொலைத்தவர்கள், கடதாசியே இல்லாமல் இருந்தவர்கள், புலிகள் காலத்தில் காணி கிடைத்தவர்கள் எல்லாருக்குமாக 2013/01 என்ற சுற்றறிக்கை வந்தது. அதன்படி படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் அந்தப் பிரதியைத் தேடி எடுங்கோ. "காணிக் கச்சேரிக்கு (காணி விசாரணைக்கு) வந்தவர்" என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துச் சனத்துக்கு இது ஒன்றும் உதவவில்லை என்று ஒரு பெடியன் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். 1988இல் மகாவலி நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் 'எல்' வலயம் என்று அறிவித்த பகுதிக்குள் அவர்களுடைய வயல் போய்விட்டது. அனுமதிப்பத்திரம் கையில், வயல் வேறு ஆளின் கையில். அதற்கு நான் என்ன வழி சொல்ல?

2018 மார்ச் 15

தம்பி எழுதியிருக்கிறார்: ஊர் விதானை எழுத்தில் தர மாட்டாராம். "பதிவை வெட்டிக்கொண்டு வாங்கோ, பிறகு பாப்பம்."

சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே கடிதம் எழுதுங்கோ. அம்மா எந்தத் திகதியிலிருந்து அங்கே இருக்கிறா, எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்கிறா, பக்கத்து வளவு இரண்டும் யாருடையது. அந்த இரண்டு பேரின் கையொப்பமும் வாங்குங்கோ. மின்சாரம் எடுத்திருந்தால் பட்டியல் துண்டு, கிளினிக் கொப்பி, கூட்டுறவுச் சங்கத் துண்டு, எது இருந்தாலும் பிரதி இணையுங்கோ. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாங்கோ. அதே கடிதத்தின் பிரதியைப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் போடுங்கோ. எழுத்தில் போனதற்கு யாரோ ஒரு ஆள் எழுத்தில் பதில் சொல்லத்தான் வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

பெயர் போடாத பெட்டிசம் மட்டும் எழுத வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு பட்டியலுக்குப் பதினாறு பெட்டிசம் போனது. பதினாறும் ஒரே கையெழுத்து. அதை விசாரிக்க நாலு மாதம், பட்டியலில் இருந்த எல்லாருக்கும் நாலு மாதம் மழை.

2018 மார்ச் 16

கிளினிக் கொப்பி நல்ல யோசனை என்று ஒரு மருத்துவத் தாதி எழுதியிருக்கிறா. அம்மாமாருக்குப் பிறசர் இருக்கிறது இந்த ஒரு விசயத்துக்குத்தான் உதவும் என்றும் எழுதியிருக்கிறா. வாசித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அம்மா தன் கொப்பியை எடுத்து வந்து காட்டினா: 2010 நவம்பரிலிருந்து மாதம் தவறாமல் திகதி. எந்த அரசாங்கப் பதிவிலும் அவவின் இருப்பு இவ்வளவு ஒழுங்காக இல்லை.

2018 ஏப்ரல் 22

வருசப் பிறப்பு, அதனால் எழுதவில்லை.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே அகதி முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழும் எடுத்து வரவேண்டும். எடுக்காமல் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஐந்து பேர் வீட்டில் சாப்பிட, குடும்பக் காட்டில் மூன்று பேர். மண்டபம் முகாமில் பிறந்த அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள், விளையாட்டுப் போட்டியில் கிண்ணமும் எடுத்தார்கள். வீட்டுக் கணக்கில் மட்டும் இல்லை. கடதாசி வந்து சேர ஒன்றரை வருசம்.

வரப் போகிறவர்கள் அங்கேயே முடித்துக்கொண்டு வாங்கோ. இங்கே வந்து செய்வது பெரிய அலைச்சல்.

2018 ஜூன் 3

வாக்காளர் படிவம் கொண்டு வருகிற காலம். தம்பி, அம்மாவின் பெயரை வவுனியாப் படிவத்தில் போடாதேங்கோ. ஊர்ப் படிவத்தில் போட வேண்டும். பழக்கத்தில் எல்லாப் பெயரையும் எழுதிவிடுவோம், நானும் என் தங்கச்சியை மூன்று வருசம் அப்படி எழுதியிருக்கிறேன்.

தங்கச்சியின் கதையை முடிக்கவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன். ஒரே காட்டுக்குள் இரண்டு குடும்பமாக இருந்ததால் 2013இல் எங்களுக்கு ஒரு வீடுதான் வந்தது. பட்டியல் எடுத்தபின் காட்டைப் பிரித்தால் "வீட்டுக்காகப் பிரிச்சது" என்று சொல்லுவார்கள், சொன்னார்கள். அவளுக்குக் கலியாணம் நடந்தது 2007இல், கிளிநொச்சியில், விவாகச் சான்றிதழ் கையில். அதற்குப் பிறகும் அப்படித்தான் சொன்னார்கள். கலியாணம் கட்டினவுடன் தனிக் காட் எடுங்கோ பிள்ளைகளே. மாமிக்குக் கோபம் வந்தாலும் எடுங்கோ.

2018 செப்ரெம்பர் 30

தம்பியிடமிருந்து நல்ல புதினம். அம்மாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது! தனிக் காட், ஊரில். முதலில் ஏற்புக் கடிதம், பிறகு வெட்டினது. இடைவெளி ஒன்பது நாள்தானாம். விதானை மாறி வேறொருவர் வந்ததும் உதவியிருக்கிறது.

இனி இப்போதைய திட்டத்தில் தருகிற எட்டு இலட்சத்தில் வீடு கட்டுகிற கதை. அந்தக் காசு ஒரு நாளும் காணாது. எங்களுக்கு ஐந்தரை இலட்சத்தில் போதாமல் விட்டுப்போனது தரையும் பூச்சும். தாலிக்கொடி அடகில் கூரை ஏறினது. சீமெந்துக் கல் வெளியில் வாங்காதேங்கோ, வளவில் வைத்து அரியுங்கோ. நானும் தங்கச்சியும் ஒரு அச்சை வாடகைக்கு எடுத்து ஆயிரத்துக்கு மேல் அரிந்தோம். காலமை நாலரைக்குத் தொடங்கினால் வெயில் ஏற முதல் நாற்பது ஐம்பது வரும். கலவை கையில் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணி கசியக் கூடாது. அரிந்த கல்லுக்குப் பத்து நாள் தண்ணி ஊற்றுங்கோ. ஊற்றாத கல் மாரியில் கரைந்து வரும், ஒரு பக்கச் சுவரை நாங்கள் இரண்டாம் முறை கட்டினோம்.

கட்டுக்காசு (கட்டம் கட்டமாகத் தருகிற காசு) வர முதல் கடனுக்குச் சாமான் எடுத்து அடுத்த கட்டத்துக்குப் போகாதேங்கோ. உத்தியோகத்தர் வந்து பார்த்து, கையெழுத்து வைத்து, காசு கணக்கில் விழுந்த பிறகுதான்.

2018 ஒக்ரோபர் 1

2016இல் அரசாங்கம் காட்டிய இரும்புப் பொருத்து வீட்டைப் பற்றி ஒருவர் கேட்கிறார், அது நல்லதில்லையா என்று. நான் அதற்கு எதிராகக் கையொப்பம் வைத்தவள். வீடொன்றுக்கு 21 இலட்சம் என்றார்கள். அந்தக் காசுக்கு எங்கள் மேசன்மார் இரண்டு கல்வீடு கட்டுவார்கள். வெயில் ஊரில் இரும்புக்குள் யார் படுக்கிறது? ஆனால் அப்போதும் தகரத்துக்குள் இருந்த சனம் "எதெண்டாலும் தாங்கோ" என்று விண்ணப்பித்தது. கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2019 டிசெம்பர் 8

தம்பியின் அம்மா ஆவணி மாதமே பால் காய்ச்சிவிட்டா. படம் அனுப்பியிருந்தார், பூச்சு இல்லை, கதவு நிலை மட்டும் நீல நிறம்.

அதே ஒழுங்கையில் பிந்திப் பட்டியலுக்கு வந்த ஆறு வீடு சுவரோடு நிற்கிறதாம். நவம்பரில் ஆட்சி மாறினதோடு பல திட்டங்களில் கட்டுக்காசு நின்றுவிட்டது. வடக்கில் எங்கே பார்த்தாலும் இந்தக் கதைதான். இருந்த கொட்டிலைப் பிடுங்கி, அந்தத் தகரத்தையும் தடியையும் வைத்துப் பக்கத்தில் ஒரு குசினி அளவில் போட்டு, வீடு முடியுமட்டும் என்று அதற்குள் இருக்கிற சனம். பழைய கொட்டிலைப் பிடுங்காதேங்கோ என்று போன வருசம் செப்ரெம்பரில் எழுதியிருக்க வேண்டும். கூரை ஏறும்வரை பிடுங்காதேங்கோ.

2022 நவம்பர் 20

மூன்று வருசத்துக்குப் பிறகு இதைத் திறக்கிறேன். ஒரு பிள்ளை இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் பின்னுரித்து எண்டு எழுதியிருக்கிறீங்கள், அது இப்பவும் அப்படியோ?" என்று கேட்டிருக்கிறா. இல்லை. இந்த வருசம் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தாயிற்று. 2018 மார்ச்சில் நான் எழுதினதை இனி அப்படியே எடுக்க வேண்டாம். ஏற்கெனவே மாற்றின காணிகள் எப்படி என்று உங்கள் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம் கேளுங்கோ.

அந்த ஆறு வீட்டில் இரண்டு, வெளிநாட்டு உறவுகளின் காசில் முடிந்தது. நாலு இன்னும் சுவர்தான். சீமெந்து மூடை மூவாயிரம் போகிற நேரத்தில் யார் தொடுவது?

போன கிழமை வட்டுவாகல் பிள்ளையோடு விதானையிடம் போனேன். அவளுடைய மூத்த மகனுக்குக் கலியாணம் முடிந்தது, தனிக் காட் எடுக்க வேண்டும். தாயின் காட் கிழிந்துபோனதால் அவளுக்கும் புதிது. விதானை இளம் பெடியன். பழைய காட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, இதில முதல் பேர் என்ன செய்யிறது?" என்று கேட்டான். நான் வாயே திறக்கவில்லை. அவள், "குடும்பத் தலைவர் எண்டு என்ர பேரைப் போடுங்கோ தம்பி. அவரை இரண்டாவதாய்ப் போடுங்கோ. பக்கத்தில ஒண்டும் எழுத வேண்டாம்" என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே எழுதினான். இன்னொரு விதானை எழுதியிருக்க மாட்டார்.

பழைய காட்டை அவள் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நீங்களும் வாங்கி வையுங்கோ, எந்தத் திகதியில் எத்தனை பேர் இருந்தோம் என்பதற்கு வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை.